பிலிப்பு நாள் புயல்

புயலுக்குப் பெயர் வைத்த கதையை எழுதுகிறவர்கள் வழக்கமாக 1953-இல், அமெரிக்க வானிலைத் துறை போட்ட பெண் பெயர்ப் பட்டியலில் தொடங்குவார்கள். நான் ஒரு சாமியாரின் அடக்கத்தில் தொடங்குகிறேன். 1834 செப்டம்பர் 23, கரீபியன் கடலோரத்துச் சான்டோ டொமிங்கோ நகரம். ரூயிஸ் என்ற குருவானவருக்கு இறுதிச் சடங்கு நடந்துகொண்டிருக்கும்போதே புயல் ஊருக்குள் புகுந்துவிட்டது. அதற்கு 'பாத்ரே ரூயிஸ் புயல்' என்று பெயர் நின்றுவிட்டது. எந்தக் குழுவும் கூடிச் சூட்டிய பெயரல்ல. அன்றைக்கு ஊர் முழுவதற்கும் தெரிந்திருந்த செய்தி அந்தச் சாவு. அதை அடையாளமாக வைத்துப் புயலைச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

இந்தக் கதை என்னை இழுப்பதற்குக் காரணம் நான் பிறந்த வீடு. குளச்சலுக்குப் பக்கத்தில் கடற்கரை ஊர். அப்பா கோயில் உபதேசியார். மரணப் புத்தகம் அவர் கையெழுத்தில்தான் இருக்கும். வரிசை எண், இறந்த நாள், அடக்கிய நாள், பெயர், வயது, தகப்பன் அல்லது கணவன் பெயர், என்ன நோய், அவஸ்தைப்பூசுதல் பெற்றாரா இல்லையா, கடைசியில் சாமியார் கையொப்பம். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் பக்கத்தில் உட்கார்ந்து மையொற்றுத் தாளால் ஒற்றிக் கொடுப்பது என் வேலை. கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களுக்கு அந்தக் கட்டங்களில் இடமில்லை. அடக்கம் நடந்தால்தானே அடக்கப் பதிவு? அப்பா அவர்களைப் புத்தகத்தின் கடைசித் தாள்களில், எண் போடாமல், தனியே எழுதிவைத்திருந்தார். சாமியார்கள் மாறி மாறி வந்தார்கள். இது என்ன கணக்கு என்று ஒருவரும் கேட்டதில்லை.

பிறகு நர்ஸ் வேலை என்னைப் புளோரிடாவில் வெஸ்ட் பாம் பீச்சுக்குக் கொண்டுவந்தது. ஒரு முதியோர் இல்லத்தில் பணி. ஒக்கீச்சோபி ஏரிக்கரை ஊர்களான பெல் கிளேட், பஹோக்கி பக்கத்திலிருந்து வந்த கறுப்பினப் பெரியவர்கள் அங்கே இருந்தார்கள். அவர்கள் பேச்சில் 'புயல்' என்றால் ஒன்றே ஒன்றுதான். ஆண்டு சொல்ல மாட்டார்கள், பெயரும் சொல்ல மாட்டார்கள். அதில் ஒரு பாட்டியின் தாய்மாமன் பஹாமாஸ் தீவிலிருந்து அவரைக்காய் வயல் வேலைக்கு வந்தவர், அந்தப் புயலோடு காணாமல் போனவர். "எங்கே வைத்தார்கள் என்று தெரிந்தால் போதும் மகளே" என்று மாத்திரை கொடுக்கப் போகும்போதெல்லாம் சொல்வார். உபதேசியார் மகளிடம் இதைச் சொன்னால் சும்மா இருக்க முடியுமா?

இந்த நாட்டில் ஒரு சாவைத் தேடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் இறப்புச் சான்றிதழ். புளோரிடா மாநிலம் முழுவதற்குமான இறப்புப் பதிவு 1917-இல் தொடங்கியது. சான்றிதழில் நோயையும் வயதையும் தாண்டிக் கீழே பார்க்க வேண்டும். எங்கே புதைத்தார்கள், இறுதிச் சடங்கை ஏற்று நடத்திய நிலையம் எது என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். அவை கிடைத்தால் அடுத்து மூன்று புத்தகங்களைத் தேடலாம். கல்லறைத் தோட்டக் காவலாளியின் புத்தகம் ஒன்று, சடங்கு நிலையத்தின் கணக்குப் புத்தகம் ஒன்று, கோயில் புத்தகம் ஒன்று. மூன்றும் ஒத்துப்போனால் அதிர்ஷ்டம். பெட்டி செய்ய யார் காசு கொடுத்தார் என்பதுவரை சடங்கு நிலையக் கணக்கில் கிடைத்துவிடும். உறவுமுறை கண்டுபிடிக்க அதைவிட நல்ல சான்று வேறில்லை என்பது என் கருத்து. இதெல்லாம் பெட்டியில் வைத்துப் புதைக்கப்பட்டவர்களுக்கு.

1928-இல் என்ன நடந்தது என்பதை இனிச் சொல்கிறேன். ஆப்பிரிக்கக் கரையோரம் கேப் வெர்டே தீவுகள் பக்கம் பிறந்த அந்தச் சூறாவளி செப்டம்பர் 12 அன்று குவாடலூப் தீவை அடித்தது. அங்கே மட்டும் 1,200 பேர் அளவில் செத்தார்கள். மறுநாள் 13-ஆம் தேதி போர்ட்டோ ரிக்கோ. அந்தத் தீவில் புயலுக்குப் பெயர் தேடி அலைய வேண்டியதில்லை. எந்தப் புனிதர் நாளில் வந்ததோ அந்தப் புனிதர் பெயர். ஜூலை 26-இல் வந்தால் சான்டா ஆனா, 1825-இல் அப்படி ஒன்று. ஆகஸ்ட் 8-இல் வந்தால் சான் சிரியாகோ. செப்டம்பர் 13 பழைய நாள்காட்டியில் சான் ஃபெலிப்பே, அதாவது பிலிப்பு நாள். நாம் அறிந்த அப்போஸ்தலர் பிலிப்பு அல்ல இவர்; யூஜீனியா என்ற புனிதையின் தகப்பன். 1876-இலும் இதே செப்டம்பர் 13-இல் ஒரு பெரும்புயல் வந்து அந்தப் பெயரை எடுத்துக்கொண்டிருந்தது. ஆகவே 1928-இல் வந்தது 'சான் ஃபெலிப்பே செகுண்டோ', இரண்டாம் பிலிப்பு. அரசனுக்குப் போடுவதுபோல எண் போட்டுவிட்டார்கள். போர்ட்டோ ரிக்கோவில் இறந்தவர்கள் 312 பேர்.

16-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை மாலை, அதே புயல் வெஸ்ட் பாம் பீச் பக்கம் கரையேறியது. இங்கே புனிதர் பெயர் வைக்கும் வழக்கமில்லை. பெயரில்லாமல் உள்ளே போன புயல், இரவில் ஒக்கீச்சோபி ஏரியை அள்ளித் தெற்கே கொட்டியது. அந்த ஏரிக்குத் தென்கரையில் ஓர் ஆள் உயர மண்ணணை மட்டுமே இருந்தது. கரையோரத்துக் கரிசல் சேற்றை வெட்டிப் போட்டுக் கட்டியது. ஏரியை வடித்து எடுத்த நிலத்தில் அவரையும் கரும்பும் போட்டு, அறுவடைக்குக் கறுப்பினக் கூலிகளைத் தெற்கு மாநிலங்களிலிருந்தும் பஹாமாஸிலிருந்தும் கொண்டுவந்து குடிசையில் வைத்திருந்தார்கள். பகலில் சிலர் எச்சரிக்கை கேட்டு மேட்டுக்குப் போயிருக்கிறார்கள். சொன்ன நேரத்துக்குப் புயல் வரவில்லை என்று திரும்பி வந்தார்கள். இதை அந்தப் பாட்டி சொல்லும்போதெல்லாம் குரல் மாறும். புயலின் மேல் அவருக்குக் கோபம் கிடையாது. மணிக்கணக்கைத் தவறாகச் சொன்னவர்கள் மேல்தான் கோபம்.

செத்தவர்கள் 1,836 பேர் என்று ஒரு கணக்கு பல ஆண்டுகள் புத்தகங்களில் இருந்தது. 2003-இல் தேசிய சூறாவளி மையம் அதைக் குறைந்தது 2,500 என்று மாற்றியது. அதில் முக்கால் பங்கு கறுப்பினக் கூலிகள். எழுபத்தைந்து ஆண்டு கழித்து எண் மாற்றுகிறார்கள் என்றால், முதலில் எண்ணியவர்கள் எதை எண்ணினார்கள்? கைக்குக் கிடைத்த உடல்களை. சேற்றுக்கடியில் போனவர்களும், எண்ணெய் ஊற்றி எரிக்கப்பட்டவர்களும், யாரும் தேடி வராதவர்களும் எண்ணிக்கைக்குள் வரவில்லை. வயலில் கூலி கொடுத்த மேஸ்திரிக்கே பலரின் முழுப்பெயர் தெரியாது. பட்டப்பெயரில் கூப்பிட்டு, பட்டப்பெயரிலேயே கூலி கொடுத்தான்.

உடல்களை லாரியில் ஏற்றி வெஸ்ட் பாம் பீச்சுக்குக் கொண்டுவந்தபோது பெட்டிப் பலகை பற்றாக்குறை. இருந்த பெட்டிகள் வெள்ளையருக்குப் போயின. உட்லான் கல்லறைத் தோட்டத்தில் 69 வெள்ளையர்கள். டாமரிண்ட் அவென்யூவும் 25-ஆவது தெருவும் சந்திக்கும் இடத்தில் ஏழைகளைப் புதைக்கும் நிலத்தில் குழி வெட்டி 674 கறுப்பினத்தவர்கள், பெட்டியில்லாமல். ஏரிக்குக் கிழக்கே போர்ட் மயாக்காவில் இன்னும் சுமார் 1,600 பேர். புயல் முடிந்து இரண்டு வாரமளவில் நகரத்தில் நினைவுச் சடங்கு நடந்தது. டாமரிண்ட் குழி அருகே ஏறக்குறைய 3,000 பேர் கூடினார்கள். கல்வியாளர் மேரி மெக்லவுட் பெத்யூனும் வந்திருந்தார். அதன் பிறகு உட்லானில் நினைவுக்கல் நட்டார்கள். டாமரிண்ட் நிலத்தில் ஒன்றும் நடவில்லை. காலப்போக்கில் நிலம் கைமாறியது. 2000-ஆம் ஆண்டு இறுதியில்தான் நகரம் அந்த நிலத்தைத் திரும்ப வாங்கியது. 2002-இல் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் சேர்ந்தது.

நான் அந்த இடத்துக்குப் போகும்போதெல்லாம் மனதில் ஓடுவது எங்கள் கோயில் புத்தகத்தின் கட்டங்கள்தான். அந்த 674 பேருக்கு எந்தக் கட்டத்தை நிரப்ப முடியும்? அடக்கிய இடம் தெரியும். இறந்த நாள் தெரியும், ஓரிரு நாள் முன்பின் இருக்கலாம். பெயர்க் கட்டம் காலி. பாட்டியின் மாமனுக்கு நேர்மாறு. பெயர் இருக்கிறது, இடம் இல்லை. அந்தப் பெயரை எதிரே வைத்துக்கொண்டு 1920 மக்கள்தொகைக் கணக்கு, பஹாமாஸிலிருந்து மயாமி துறைமுகத்தில் இறங்கியவர்களின் பட்டியல், பழைய நாளிதழ்கள் என்று பார்த்தேன். இறங்கிய பட்டியலில் பொருந்தக்கூடிய ஓர் ஆள் கிடைத்தார், வயதும் சரியாக இருந்தது. 1930 கணக்கில் அவர் இல்லை. அதற்கு மேல் ஒரு தாளும் நகரவில்லை. பாட்டியிடம் இதை அப்படியே சொன்னேன். ஒரு நாள் மட்டும் உறுதியாகச் சொல்லலாம், செப்டம்பர் 16 என்றேன். அது அவருக்கு ஏற்கெனவே தெரியும். அது ஞாயிற்றுக்கிழமை என்பது தெரியாது. அதைக் கேட்டதும், அப்படியானால் காலையில் கோயிலுக்குப் போயிருப்பார் என்றார்.

இந்தப் புயலைக் கதைக்குள் கொண்டுவந்தவர் ஜோரா நீல் ஹர்ஸ்டன், 1937-இல் வெளிவந்த தன் நாவலில். அவருடைய கல்லறையைத் தேடிய கதையையும் இங்கே சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் பதிவேடு தேடுகிறவர்களுக்கு அதில் ஒரு பாடமே இருக்கிறது. 1960 ஜனவரியில் ஃபோர்ட் பியர்ஸில், மாவட்ட நலவிடுதியில் கையில் காசில்லாமல் இறந்தார். 'கார்டன் ஆஃப் ஹெவன்லி ரெஸ்ட்' என்ற கறுப்பினத்தவர் கல்லறைத் தோட்டத்தில் கல்லில்லாமல் புதைத்தார்கள். 1973-இல் எழுத்தாளர் ஆலிஸ் வாக்கர் போனார். நான் ஹர்ஸ்டனின் மருமகள் முறை என்று பொய் சொல்லித்தான் ஆட்களிடம் தகவல் வாங்கினார். (பொய்தான். ஆனால் எந்த அலுவலகத்திலும் 'உறவா?' என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு இல்லை என்று சொன்னால் என்ன கதி என்பது எனக்கும் தெரியும்.) இடுப்பளவு புல்லில் இறங்கி நடந்து, தரை உள்வாங்கியிருந்த ஓர் இடத்தைக் கண்டு, இதுதான் என்று முடிவு செய்து கல் நட்டார். அந்தக் கல்லில் பிறந்த ஆண்டு 1901 என்று இருக்கிறது. ஹர்ஸ்டன் பிறந்தது 1891-இல். தன் வயதில் பத்தைக் குறைத்துச் சொல்லிக்கொண்டே வாழ்ந்த பெண்மணி அவர். கல்லில் இருப்பதைச் சான்று என்று எடுத்துக்கொள்கிறவர்கள் ஃபோர்ட் பியர்ஸுக்கு ஒருமுறை போய் வரலாம். கல் நடுகிறவருக்குத் தெரிந்த அளவுக்குத்தான் கல்லுக்கும் தெரியும்.

பெயர்க் கதைக்கு வருகிறேன். ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்தின் வானிலை அதிகாரியாக இருந்த கிளெமென்ட் ராக் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் புயல்களுக்குத் தனக்குப் பிடிக்காத அரசியல்வாதிகளின் பெயரைச் சூட்டி மகிழ்ந்தார். 1941-இல் ஜார்ஜ் ஸ்டூவர்ட் என்ற அமெரிக்கர் எழுதிய 'ஸ்டார்ம்' என்ற நாவலில் ஓர் இளம் வானிலையாளர் புயலுக்கு மரியா என்று ரகசியமாகப் பெயர் வைப்பார். இரண்டாம் உலகப்போரில் பசிபிக்கில் இருந்த வானிலைப் படையினர் மனைவி பெயரையும் காதலி பெயரையும் வைக்கலானார்கள். 1950-இலிருந்து ஏபிள், பேக்கர், சார்லி என்று வானொலிக்காரர் எழுத்துமுறை. 1953-இல் பெண் பெயர்கள். ஒரே நேரத்தில் இரண்டு புயல் கடலில் இருந்தால் அட்சரேகை தீர்க்கரேகை சொல்லிக் கப்பல்காரனைக் குழப்ப முடியாது என்பது காரணம், நியாயமான காரணமும்கூட. மயாமியைச் சேர்ந்த ராக்சி போல்டன் என்ற பெண்ணுரிமைப் போராளிதான் இதைச் சும்மா விடவில்லை. அழிவுக்கெல்லாம் பெண் பெயரா என்று கேட்டார். தங்கள் பெயரை எதற்காவது வைத்தால் குளிர்ந்துபோகும் செனட்டர்களின் பெயரை வையுங்களேன் என்றார். 1979-இல் அட்லாண்டிக் பட்டியலில் ஆண் பெயர்களும் ஏறின. இப்போது ஆறு பட்டியல்கள், ஒவ்வொன்றிலும் 21 பெயர்கள், ஆறாண்டுக்கு ஒருமுறை சுற்றி வரும். பேரழிவு செய்த பெயரை மட்டும் உலக வானிலை அமைப்பின் குழு கூடி எடுத்துவிடும். கத்ரீனா இனி வராது. 2017-இன் இர்மாவும் மரியாவும் இனி வரமாட்டார்கள்.

முறை நல்ல முறைதான், உயிரோடிருப்பவர்களுக்கு. எச்சரிக்கை சொல்லக் குட்டையான, தெளிவான பெயர் வேண்டும். ஆனால் சாவைத் தேடுகிற எனக்குப் போர்ட்டோ ரிக்கோக்காரர்களின் பழைய முறைதான் உசத்தியாகப் படுகிறது. அந்தப் பெயருக்குள் தேதி இருக்கிறது. 'சான் சிரியாகோவில் அப்பா போனார்' என்று ஒரு கிழவர் சொன்னால் ஆகஸ்ட் 8 என்று எழுதிக்கொள்ளலாம், 1899 அது. 3,000-க்கு மேல் உயிர் போன அந்தப் புயலுக்குப் பிறகு பிழைப்பு இழந்த போர்ட்டோ ரிக்கோக்காரர்கள் கப்பலேறி ஹவாய்த் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குப் போனார்கள். 'இர்மாவில் போனார்' என்றால் ஒரு தேதியும் கிடைக்காது. ஆண்டுகூடத் தெரியாது, வேறெங்காவது பார்த்தாக வேண்டும். பழைய முறைக்கும் குறை உண்டுதான். ஒரு தீவில் பிலிப்பு, அடுத்த தீவில் வேறு புனிதர், புளோரிடாவில் அநாமதேயம் என்று ஒரே புயல் சிதறிப் போகும். குவாடலூப்பில் செத்தவனையும் பெல் கிளேட்டில் செத்தவனையும் ஒரே புயல்தான் கொன்றது என்பதைப் பெயரைக் கொண்டு கண்டுபிடிக்க முடியாது.

2017-இன் மரியா இன்னொன்றும் காட்டியது. போர்ட்டோ ரிக்கோ அரசு முதலில் சொன்ன சாவுக் கணக்கு 64. இறப்புச் சான்றிதழில் புயல் என்று எழுதப்பட்டவர்கள்தான் அதில் சேர்ந்தார்கள். கரண்ட் இல்லாமல் ஆக்சிஜன் இயந்திரம் நின்றுபோனவரும், டயாலிசிஸ் கிடைக்காதவரும் சான்றிதழில் சிறுநீரகம், நுரையீரல் என்றே செத்தார்கள். ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகம் வழக்கமான ஆண்டுகளைவிட எத்தனை பேர் அதிகம் இறந்தார்கள் என்று கணக்கிட்டுச் சொன்ன எண் 2,975. 2018 ஆகஸ்டில் அரசு அதை ஏற்றுக்கொண்டது. நோய்க் கட்டத்தில் என்ன எழுத வேண்டும் என்று டாக்டர் கேட்டு நான் எத்தனை தடவை நின்றிருக்கிறேன். அந்த ஒரு கட்டத்தில் இவ்வளவு பேர் மறைந்துபோக முடியும்.

அதே 2017-இல், செப்டம்பரில் இர்மாவுக்காக இங்கே ஜன்னலுக்குப் பலகை அடித்தோம். நவம்பர் கடைசியில் ஒக்கி எங்கள் கரையை அடித்தது. வங்கக் கடலுக்கும் அரபிக் கடலுக்கும் பெயர்ப் பட்டியல் 2004-இல்தான் நடைமுறைக்கு வந்தது. எட்டு நாடுகள் தந்த 64 பெயர்கள், முதலில் வந்தது ஓனில். ஒக்கி பங்களாதேஷ் கொடுத்த பெயர். 2020-இல் 13 நாடுகள் சேர்ந்து 169 பெயர்களைக் கொடுத்திருக்கின்றன. இந்தியாவின் பங்கில் முரசு என்ற தமிழ்ப் பெயரும் உண்டு. இந்தக் கடல்களில் ஒருமுறை வந்த பெயர் திரும்ப வருவதில்லை. ஒக்கி கன்னியாகுமரிக் கடலில் புயலாக வலுத்த நாள் நவம்பர் 30. எங்கள் ஊரில் எந்தப் பாட்டிக்கும் தெரியும், அது பெலவேந்திரர் நாள். அந்திரேயாவைத்தான் எங்கள் பழைய ஆட்கள் அப்படிச் சொல்வார்கள். அவரும் வலை வீசியவர். போர்ட்டோ ரிக்கோ வழக்கப்படி அது 'பெலவேந்திரர் புயல்' ஆகியிருக்கும். உடல் கிடைக்காமல் போனவரை இறந்தவர் என்று சட்டம் ஏற்க வழக்கமாக ஏழாண்டு காத்திருக்க வேண்டிய நாட்டில், எந்த நாளில் திதிப் பூசை வைப்பது என்று ஒக்கியில் கடலிலிருந்து திரும்பாதவர்களின் குடும்பங்கள் தடுமாறிக்கொண்டிருந்தபோது, தம்பி போனில் கேட்டான். பெலவேந்திரர் நாளில் வையுங்கள் என்றேன்.

அந்த முதியோர் இல்லத்தில் என்னோடு வேலை பார்த்த ஒரு போர்ட்டோ ரிக்கோப் பெண் தன் கொள்ளுப்பாட்டி 'சான் ஃபெலிப்பேயில்' இறந்ததாகச் சொன்னாள். எந்த சான் ஃபெலிப்பே என்று கேட்டேன். ஒன்றுக்கு மேல் இருப்பது அவளுக்குத் தெரியாது. 1876 என்றால் பங்குக் கோயில் புத்தகம் மட்டுமே கதி, ஏனென்றால் அங்கே அரசுப் பதிவு 1885-இல்தான் தொடங்கியது. 1928 என்றால் அரசுப் பதிவிலேயே இருக்கும். அந்தப் பதிவுகள் தங்கமானவை. இறந்தவரின் தாய் தகப்பன் பெயர், எந்தக் கல்லறைத் தோட்டம் என்பதுவரை எழுதியிருக்கும். அவள் பாட்டியின் வயதைக் கணக்குப் போட்டு 1928 என்று முடிவு செய்து தேடினோம். கிடைத்தது. நுரையீரல் காய்ச்சல், அக்டோபர் 2. புயலில் கூரை போய் மூன்று வாரம் நனைந்து கிடந்த பிறகு வந்த காய்ச்சலாக இருக்க வேண்டும், சான்றிதழ் அதைச் சொல்லவில்லை. அவர்கள் வீட்டில் இத்தனை காலமும் செப்டம்பர் 13 அன்றுதான் பூசை கொடுத்து வந்திருக்கிறார்கள். இனி நாளை மாற்ற வேண்டுமா என்று அவள் அம்மா என்னிடம் கேட்டனுப்பினார். மாற்ற வேண்டாம், இரண்டு நாளிலும் கொடுங்கள் என்றேன். அதிலே செலவு ஜாஸ்தி என்று சொல்லிவிட்டு, 13-ஆம் தேதியையே வைத்துக்கொண்டார்கள்.